திருமலையிலிருந்து கொழும்புச் சேர்வரில் புதுக் கெர்னல் சோதிப்பது

திருகோணமலை உப்புவெளியில் இருந்துகொண்டு கொழும்பில் ஓடும் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் சேர்வருக்குப் புதுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போடப்போகிறீர்களா? புதியது எழும்பாவிட்டால் இயந்திரம் தானாகவே பழையதற்குத் திரும்பும்படி முதலில் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் இரவு ரயில்தான்.

எல்லாவற்றையும் சேர்வரில் ஓடும் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் கட்டளைகளைத் தொடர்ந்து ஓடவிடும் கருவி) செய்யுங்கள். மாரியில் இங்கே கரண்ட் போய் இணைப்பு அறுந்தாலும் நிறுவல் பாதியில் நிற்காது.

கெர்னலை நிறுவியதும், க்ரப்பின் (எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று பூட் நேரத்தில் தீர்மானிக்கும் நிரல்) அமைப்புக் கோப்பில் 'க்ரப்_டிஃபோல்ட்' என்பதை 'சேவ்ட்' ஆக்கி, கெர்னல் வரியில் 'பானிக்=10' சேர்த்து, 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். பானிக் என்பது கெர்னல் மீளமுடியாமல் விழுவது; இந்த மதிப்பு வழமையாக 0. அப்படியே விட்டால் விழுந்த கெர்னல் விழுந்தபடியே கிடக்கும். 10 என்றால் பத்து செக்கனில் ரீபூட் ஆகும்.

அடுத்து 'க்ரப்-செட்-டிஃபோல்ட்' கொண்டு பழைய கெர்னலை நிலையான தெரிவாக்குங்கள். மெனு எண்ணைக் கொடுக்காமல் அதன் அடையாளப் பெயரையே கொடுங்கள். இன்னொரு கெர்னல் வந்தால் எண்கள் இடம் மாறிவிடும். புதியதை 'க்ரப்-ரீபூட்' மூலம் ஒரேயொரு தடவைக்கு மட்டும் தெரியுங்கள். இதற்கு எண் போதும், பெரும்பாலும் '1>0' (மெனுவின் இரண்டாவது வரிக்குள் முதலாவது கெர்னல்; எண்ணிக்கை 0 இலிருந்து). மேற்கோள் குறி கட்டாயம்: இல்லாவிட்டால் ஷெல் அதைத் திசைதிருப்பலாக எடுத்து, 0 என்ற பெயரில் வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கிவிடும்.

பூட் பகுதி எல்விஎம், ரெய்ட் (வட்டுகளைப் பிரித்தோ சேர்த்தோ கையாளும் முறைகள்) அல்லது பிடிஆர்எஃப்எஸ் (ஒரு கோப்பு முறைமை) மேல் இருந்தால் கவனம். க்ரப்பால் அங்கே எழுத முடியாது. ஒரு தடவைத் தெரிவு அழியாமல் நின்று, உடைந்த கெர்னலே திரும்பத் திரும்ப ஏறும். ஏற்கெனவே நன்றாக ஓடும் கெர்னலை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எழும்பிய பின் 'க்ரப்-எடிட்என்வி லிஸ்ட்' காட்டும் 'நெக்ஸ்ட்_என்ட்ரி' (அந்த ஒரு தடவைத் தெரிவு) வெறுமையாக இருக்க வேண்டும்.

கெர்னல் எழும்பும், நெட்வேர்க் எழும்பாது: அடிக்கடி நடப்பது இதுதான். டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தனியாகக் கட்டும் கருவி) மூலம் கட்டிய டிரைவர் புதியதற்குக் கட்டப்படாமல் போயிருக்கும். ரூட்டின் கிரொன்டபில் (தானாக ஓடவேண்டிய கட்டளைகளின் பட்டியல்) '@ரீபூட்' வரியொன்று போட்டு, ஓடும் கெர்னலைச் சொல்லும் 'யூநேம் -ஆர்' புதிய பதிப்பைக் காட்டினால் மட்டும் 'ஷட்டவுன் -ஆர் +15' ஓடச் செய்யுங்கள். உள்ளே போக முடியாவிட்டால் பதினைந்து நிமிடத்தில் ரீபூட் ஆகிப் பழையதற்குத் திரும்பும். போக முடிந்தால் 'ஷட்டவுன் -சி' அடித்து நிறுத்துங்கள். கடைசி ஐந்து நிமிடம் சாதாரண பயனரை சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) உள்ளே விடாது, ஆகவே கையில் இருப்பது பத்து நிமிடம்தான்.

பானிக் ஆகாமல் ஆரம்பத்திலேயே உறைந்துபோனால் இவை எதுவும் உதவாது. உறைந்த இயந்திரத்தைத் தானாக ரீபூட் செய்யும் வாட்ச்டொக்கின் டிரைவர்கூட அதற்குள் ஏறியிருக்காது. ஐபிஎம்ஐ (தூரத்திலிருந்தே பவரைக் கட்டுப்படுத்தும் வசதி) இல்லாத இயந்திரமென்றால், பவர் பட்டனை அழுத்தக்கூடிய ஒருவர் அங்கே வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து ரீபூட் கொடுங்கள்.