நடைபாதையை அளந்து வேலை பழகுவது எப்படி?

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி என்றாலே ஓர் அறையில் உட்காரவைத்து கம்ப்யூட்டர் சொல்லித் தருவது என்றாகிவிட்டது. சென்னையில் நான் நடத்தும் பயிற்சி தெருவில் நடக்கிறது: நடைபாதையை அளந்து, குறைகளைப் பதிந்து, மனுக் கொடுப்பது. நானும் சக்கர நாற்காலியில் போகிறவள்.

ஆறேழு பேர் சேர்ந்தால் போதும். அரை கிலோமீட்டர் தெரு ஒன்றைப் பிடியுங்கள். பஸ் ஸ்டாப்போ ரேஷன் கடையோ இருந்தால் நல்லது. போக்குவரத்துச் செலவும் தினப்படியும் கண்டிப்பாகக் கொடுங்கள். இதுவும் உழைப்புதான்.

முதலில் அளவுகள். இந்தியச் சாலைக் குழுமத்தின் (Indian Roads Congress) நெறிமுறைப்படி, நடக்கும் வழி குறைந்தது 1.8 மீட்டர் அகலம், நடைபாதை விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. சாய்தளத்துக்கு 1:12. அதாவது 15 செ.மீ. ஏற 180 செ.மீ. நீளம். டேப்பைப் பிடித்து அவர்களையே அளக்க விடுங்கள். 20 செ.மீ. உயரத்துக்கு 60 செ.மீ. நீளத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். கணக்குப் போட்டால் 1:3. அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். அதை அளந்து எழுதிய பிள்ளைக்கு விகிதம் என்றால் என்ன என்று மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை.

அளக்கும்போதே படமும் எடுங்கள்; அதில் டேப்பின் எண் தெரிய வேண்டும். பார்வையற்றவர் கோலோடு முன்னே போகட்டும். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பதிக்கும் புடைப்பு டைல்ஸ் எந்த மின்பெட்டியில் போய் முட்டுகிறது என்பதை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை வைத்து எக்செல் பதிவையும் அவரே செய்யலாம். ஆனால் வேலைகளை வாராவாரம் மாற்றிக் கொடுங்கள். காது கேளாதவருக்கு எப்போதும் கேமராதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிகாரியைச் சந்திக்கும்போது சைகை மொழிபெயர்ப்பாளரோடு அவரே பேசட்டும்.

அப்புறம் மனு. ஒரு மனுவில் ஒரே குறை: இடம், அளவு, படம், என்ன செய்ய வேண்டும் என்பது, துணைக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி, பதிவுத் தாளில் தேதியோடு ஏற்றுங்கள். புகார் முடிந்தது என்று செய்தி வந்தாலும் அதே இடத்துக்குப் போய் மறுபடி அளக்க வேண்டும். விடாமல் பின்தொடர்கிற இந்தப் பழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

பயோடேட்டாவில் “சமூக சேவை” என்று எழுத விடாதீர்கள். “கள ஆய்வு, தரவுப் பதிவு, அறிக்கை தயாரிப்பு” என்று எழுதி, அந்த அறிக்கையின் பிரதியையும் நேர்காணலுக்குக் கொடுத்தனுப்புங்கள்.