‘ஆறு’ எங்கெல்லாம் ஓடுகிறது: ஒரு சொல்லைப் பெயர்களிலும் தொடர்களிலும் தேடித் தொகுக்கும் முறை

அன்றாடம் வழங்கும் ஒரு சொல் ஊர்ப்பெயர், ஆட்பெயர், நூற்பெயர், பழமொழி ஆகியவற்றில் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தொகுக்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘ஆறு’.

முதற்படி, கோப்பைத் தயாரிப்பது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், ஓர் ஊர்ப்பட்டியல், ஒரு பழமொழித் தொகுப்பு ஆகியவற்றை ஒரே உரைக்கோப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்புகளை, இன்று பொதுவாக வழங்கும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி, தேடுவது. என்னைப் பல நாள் அலைக்கழித்த படி இதுதான். ‘ஆறு’ என்று தேடியபோது ஆறுமுகமும் ஆறுதலும் வந்தன. பாலாறு வரவில்லை, செய்யாறு வரவில்லை, அடையாறும் வரவில்லை. சொல்லின் முதலில் தனித்து நிற்கும் ‘ஆ’, முன்னுள்ள மெய்யோடு புணர்ந்ததும் துணைக்காலாக மாறிவிடுகிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஒலி என்றாலும் கணினிக்கு ‘ஆ’ வேறு, ‘ா’ வேறு. சொல்லின் இறுதியும் நிலையாக நிற்பதில்லை. கரையோடு சேர்ந்தால் ஆற்றங்கரை என றகரம் இரட்டிக்கிறது. திருவையாற்று இறைவன் பெயரான ஐயாறப்பரில் உகரமே மறைந்துவிடுகிறது.

ஆகவே அகராதி வடிவத்தை விட்டு, எல்லா வடிவங்களிலும் எஞ்சி நிற்கும் பகுதியைத் தேட வேண்டும். நோட்பேட்++ என்னும் உரைத்தொகுப்புச் செயலியின் தேடலில், குறிப்பிட்ட சொல்லுக்குப் பதிலாக எழுத்தமைப்பைக் கொண்டு தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையைத் தெரிவுசெய்து, [ஆா]ற என்று இடுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பவற்றுள் ஏதேனும் ஒன்று வந்து, அடுத்து றகரம் வந்தால் போதும் என்பது இதன் பொருள். தனித் துணைக்காலைத் தட்டச்சிட இயலாவிட்டால் இங்கிருந்து படியெடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அது புள்ளிவட்டத்தோடு தோன்றினாலும் பிழையன்று. உலாவியின் தேடுபெட்டி இவ்வேலைக்கு உதவாது.

மூன்றாம் படி, கிடைத்தவற்றைப் பொருள்வாரியாகப் பிரிப்பது. காற்று, நாற்று, சாறு, மாற்றம் போன்றவற்றை முதலில் நீக்குங்கள். உருது வழி வந்த ‘தகராறு’ம் நீங்க வேண்டியதே. எஞ்சியவற்றில் நீரோடும் ஆறு ஒன்று: திருவையாறு, வெண்ணாறு, பெரியாறு, ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’. எண்ணாகிய ஆறு இன்னொன்று: ஆறுமுகம், ‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’. தணிதலைக் குறிக்கும் வினை மூன்றாவது: ஆறுதல், ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’.

நான்காவதாக உள்ள ‘வழி’ என்னும் பொருளில்தான் தொடக்கநிலையினர் தவறுவர். பத்துப்பாட்டில் உள்ள பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை முதலிய தலைப்புகளில் நதி இல்லை. பரிசு பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. இவ்வாறு, எவ்வாறு என்று நாம் நாளும் எழுதும் சொற்களிலும் இந்த ‘வழி’யே இருக்கிறது. ‘வரலாறு’ என்பதும் வரல், ஆறு என்று பிரிந்து, வந்த வழியைக் குறிக்கும். இது புலப்பட்ட நாளில் என் பட்டியல் முழுவதையும் மகிழ்ச்சியோடு மீண்டும் பிரித்தேன். ஐயம் எழும் இடங்களில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையே நான் நாடுகிறேன். ஒரே வடிவுடைய வெவ்வேறு சொற்களை அது தனித்தனித் தலைச்சொற்களாகத் தருகிறது.

நான்காம் படி, பேச்சு வடிவம். ‘ஆத்’ என்று தனியே ஒருமுறை தேடினால் சேலம் மாவட்டத்து ஆத்தூரும் கோவையின் ஆத்துப்பாலமும் கிடைக்கும். பிராமணர் பேச்சில் வரும் ‘ஆத்துக்கு’ என்பது அகத்துக்கு, அதாவது வீட்டுக்கு, என்பதன் திரிபு; அதை இதில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: தம் பட்டியலில் சோறும் தோற்றமும் நுழைந்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதினார். அவருடைய கோப்பில் ‘ோ’ என்பது ஒரே குறியாக இல்லாமல், ‘ே’, ‘ா’ என்னும் இரு குறிகளாகப் பதிவாகியிருந்தது. தேடலைத் தொடங்கும் முன்பே அந்த இணைகளை ஒற்றைக் குறியாக மாற்றிவிடுங்கள். ‘ொ’வுக்கும் அவ்வாறே செய்யுங்கள்.