வாதத்தின் ஓட்டை எங்கே? எல்சாட் எழுதுவோருக்கு முதல் பாடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மாணவிக்கு அவள் வீட்டிலேயே எல்சாட் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்புவோர் எழுதும் தேர்வு அது. 2024 ஆகஸ்ட் முதல் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கம், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். அதனால் வாதத்தின் ஓட்டையைக் கேட்கும் வினாக்களை நன்றாகப் பழகியே ஆக வேண்டும்.

முதல் படி, முடிவைப் பிடிப்பது. அது கடைசி வரியில்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். "இவர் என்னை எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்?" என்று கேளுங்கள்.

அடுத்து, "எதை வைத்துச் சொல்கிறார்?" என்று கேளுங்கள். கிடைப்பது சான்று. அதை உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சான்றோடு மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும். ஓட்டை இருப்பது சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில்.

மூன்றாவது படி, அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நான் கொடுத்த வாதம் இது: "ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட மாட்டார்கள். இன்று பால் வெட்டவில்லை. ஆகவே மரம் நனைந்திருக்கிறது." மாணவி சரி என்றாள். பக்கத்தில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் பாட்டி, பல வருடம் பால்மரம் வெட்டியவர், தலை நிமிராமலே சொன்னார்: "தீபாவளிக்கும்தான் வெட்ட மாட்டோம், ஆயா."

அதுதான் விடை! நனைந்த மரம் வேலையை நிறுத்தப் போதும். ஆனால் வேலை நிற்க அது ஒன்றே காரணம் அல்ல. தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள்: நனைந்த மரம் → வெட்டு இல்லை. இதை அப்படியே திருப்பக் கூடாது. இரு பக்கத்தையும் மறுத்துத் திருப்பினால் மட்டும் செல்லும்: வெட்டினார்கள் என்றால் மரம் நனையவில்லை. எல்சாட்டில் அடிக்கடி வரும் ஓட்டை இது. ஒரு வாரம் இதையே போட்டுப் பழகினாலும் தகும்.

மற்றவை சீக்கிரம் பிடிபடும். ஒன்றன் பின் ஒன்று நடந்ததால் முதலாவதே காரணம் என்பது, நாலு பேரைக் கேட்டு ஊரையே எடைபோடுவது, பேச்சை விட்டுப் பேசியவரைத் தாக்குவது. சொல்லின் பொருளை நடுவில் மாற்றுவதும் உண்டு: "பால் உடம்புக்கு நல்லது, ரப்பர் மரத்தில் வடிவதும் பால், ஆகவே அதுவும் நல்லது."

வினாவோடு தரும் ஐந்து விடைகளைப் பார்க்கும் முன் ஓட்டையை உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதுங்கள். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தவறான விடைகளிலும் உண்மையான பிழைகளின் பெயர்களே இருக்கும். ஆனால் இந்த வாதம் அந்தப் பிழையைச் செய்திருக்காது. "எந்த வரியில் செய்தார்?" என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லையா, அந்த விடையை அடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கடிகாரம் வேண்டாம். தேர்வன்று மட்டும் ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.