பூசணம் பிடிக்காத இலந்தை வடை

மார்கழியில் பழுக்கத் தொடங்கும் இலந்தை மாசி வரை கிடைக்கும். எண்ணெயில் பொரிக்காமல், இடித்துத் தட்டி வெயிலில் காயவைக்கும் இந்த வடைக்கு வேலியோரத்தில் விளையும் சின்ன நாட்டுப் பழம்தான் சரி. கடையில் விற்கும் பெரிய சீமை இலந்தையில் நீர் அதிகம், புளிப்பு குறைவு, இடித்தால் கூழாகிவிடும்.

மரத்தடியில் பழைய சேலையை விரித்து, தொரட்டியால் கிளையை உலுக்குங்கள். கையை உள்ளே விட்டால் வளைந்த முள் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிவந்து தோல் லேசாகச் சுருங்கிய பழமாகப் பொறுக்குங்கள். பச்சைக்காய் கலந்தால் துவர்க்கும்.

கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக அரை நாள் வெயிலில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பிட்டுப் பார்க்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே கொட்டையை ஒட்டி வெள்ளைப் புழு நெளியும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

புழுவில்லாத பழம் 1 கிலோவுக்கு வெல்லம் 150 கிராம், காய்ந்த மிளகாய் 10, கல் உப்பு ஒன்றரை டீஸ்பூன், பெருங்காயத்தூள் அரை டீஸ்பூன். பழம் வெறும் இனிப்பாக இருந்தால் மட்டும் சிறு நெல்லிக்காய் அளவு புளி.

உரலில் முதலில் மிளகாயையும் உப்பையும் நுணுக்குங்கள். உப்புக்கல் உரசினால்தான் மிளகாய்த் தோல் பொடியும். பெருங்காயம், புளி சேர்த்து, பழத்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு இடியுங்கள். சதை கொட்டையை விட்டுக் கழன்றால் போதும். ஓங்கி இடித்தால் கொட்டை உடைந்து, சில்லு பல்லில் கடிபடும். மிக்ஸி வேண்டாம், கொட்டை பிளேடைக் கெடுத்துவிடும். வெல்லம் கடைசியில்தான்; முன்னாலேயே போட்டால் நீர்விட்டு, இடிக்க இடிக்கத் தெறிக்கும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது.

எலுமிச்சை அளவு உருண்டையை எடுத்து, எண்ணெய் தொட்ட கையால் கொட்டையின் பருமனுக்குத் தட்டுங்கள். கனமாகத் தட்டினால் மேலே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும். பூசணம் அங்கிருந்துதான் கிளம்பும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காய வேண்டும். முதல் நாள் மாலையே திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பிசுக்கு ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில், சூடு ஆறியபின் ஜாடியில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயில் காட்டுங்கள். பஞ்சுபோலப் பூத்திருந்தால் சுரண்டிவிட்டுத் தின்ன வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள்.