ரேடியோஹெட்டை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1985-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், அபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய ஆங்கில ராக் இசைக்குழு ரேடியோஹெட். இன்றும் அதே ஐவர்தான். 1993 முதல் 2016 வரை ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்கள். இவற்றை வெளிவந்த வரிசையில் கேட்க வேண்டாம். முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’யில் ‘க்ரீப்’ பாடலைத் தாண்டினால் குழுவின் முகமே சரியாகத் தெரியாது. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் செட்டிங்ஸ். ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) பூஜ்யத்தில் வையுங்கள், கேப்லெஸ் பிளேபேக் (பாடல்களுக்கு நடுவில் இடைவெளி விடாத வசதி) இருந்தால் போடுங்கள். ‘கிட் ஏ’யில் ‘இடியோடெக்’ முடியும் இடத்திலேயே ‘மார்னிங் பெல்’ பிடித்துக்கொள்ளும். நடுவில் அரை நொடி இடைவெளி விழுந்தாலும் அந்தப் பிடி போய்விடும். போன் ஸ்பீக்கர் ஆகாது. ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் ‘ஏர்பேக்’ பாடலில் காலின் கிரீன்வுட்டின் பேஸ் கிடார் வரும், நிற்கும், மறுபடி வரும். சிறிய ஸ்பீக்கரில் அது வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக் கேளுங்கள்.

தொடக்கம் ‘இன் ரெயின்போஸ்’ (2007). பத்துப் பாடல்கள், சுமார் 42 நிமிடம். விரும்பிய விலையைக் கொடுத்து டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்று குழுவே இணையத்தில் வெளியிட்ட ஆல்பம் இது. முதல் பாட்டு ‘15 ஸ்டெப்’பில் தாளம் கைக்கு அகப்படவில்லை என்றால், நான்கு நான்காக எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். அது ஐந்து. அடிக்கு ஓர் எழுத்தாக ‘த-க-த-கி-ட’ என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள், பாட்டு உட்கார்ந்துவிடும். ஆல்பத்தை இரண்டு முறையாவது முழுதாகக் கேளுங்கள்.

அடுத்து ‘தி பெண்ட்ஸ்’ (1995), அதன்பின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997). இவற்றில் சிரமம் இருக்காது.

பலர் தடுக்கி விழும் இடம் ‘கிட் ஏ’ (2000). கிடாரைத் தேடிக்கொண்டு கேட்பதுதான் காரணம். இதில் பாடகர் தாம் யார்க்கின் குரலும் ஒரு வாத்தியம்; சில பாடல்களில் அதை நறுக்கி, திரித்து வைத்திருக்கிறார்கள். முதல் முறை பாடல் வரிகளைத் திறக்காதீர்கள். ‘ஹவ் டு டிசப்பியர் கம்ப்ளீட்லி’யில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: பின்னால் வயலினோ பெண் குரலோ என்று மயங்கவைக்கும் ஓர் ஒலி அலைந்துகொண்டிருக்கும், அதை மட்டும் பின்தொடருங்கள். அது ஜானி கிரீன்வுட் வாசிக்கும் ஓண்ட் மார்த்தனோ என்ற பழைய பிரெஞ்சு மின்வாத்தியம். விரலில் வளையத்தை மாட்டி, கம்பியோடு இழுத்தால் சுரங்கள் நம் கமகம்போல வழுக்கும். அந்த ஒலி பிடிபட்டுவிட்டால் ஆல்பத்தின் மற்ற கதவுகளும் திறக்கும். ‘அம்னீசியாக்’ (2001) அதே பதிவு நாட்களில் பிறந்தது, அதே வாரத்தில் கேளுங்கள்.

‘ஹெயில் டு தி தீஃப்’ (2003) 14 பாடல்கள். அலுப்புத் தட்டினால் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம், குற்றமில்லை. ‘தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்’ (2011) ஸ்டுடியோ பதிவு ஒட்டவில்லை என்றால், அதே பாடல்களை ‘ஃபிரம் தி பேஸ்மென்ட்’ நேரடிப் பதிவில் பாருங்கள். அங்கே கிளைவ் டீமர் இரண்டாவது டிரம்மராக அமர்ந்திருப்பார். இரண்டு டிரம்ஸ் பின்னிக்கொள்வதைக் கண்ணால் பார்த்த பிறகு ஆல்பமும் பிடித்துவிடும்.

‘எ மூன் ஷேப்ட் பூல்’ (2016) ஆல்பத்தை இரவில், தனியாக. அதன் கடைசிப் பாட்டு ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ வருவதற்கு முன் நிறுத்துங்கள். 2001-ல் வந்த ‘ஐ மைட் பி ராங்’ நேரடித் தொகுப்பில் அதே பாட்டு இருக்கிறது, ஒரு அகூஸ்டிக் கிடாரும் குரலும் மட்டும். அதை முதலில் கேளுங்கள். இந்தப் பாட்டை அவர்கள் மேடையில் முதலில் பாடியது 1995-ல். ஸ்டுடியோ வடிவம் கிடைக்க 21 ஆண்டுகள் ஆயின. இப்போது 2016 பதிவைப் போடுங்கள். கிடார் இல்லை. பியானோ சொட்டுச் சொட்டாக விழும். 2001-ல் கெஞ்சிய அதே வரி, இங்கே கெஞ்சிக் களைத்த குரலில் வரும்.