பன்னீர் ரோஜாவும் குன்னூர்த் தேயிலையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். நான் கொடுத்தனுப்பிய ரோஜாத் தேயிலையை அன்றைக்குத்தான் பிரித்திருக்கிறாள். “வீடு முழுக்கக் கமகமவென்று மணக்கிறது அம்மா, ஆனால் குடித்தால் ஒன்றுமே தெரியவில்லை” என்றாள். எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தேயிலையை அதிலேயே போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டிருக்கிறாள். வீட்டில் மணந்தது முழுவதும் கோப்பையில் இருந்திருக்க வேண்டிய வாசம். அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவள் நான். சல்லடையிலிருந்து விழும் இலையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே பழகிய மூக்கு. என் அம்மா இலங்கை மாத்தளையில் பிறந்து, இந்திய வம்சாவளித் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவர். பால் ஊற்றாத தேநீருக்கு எங்கள் வீட்டில் சாயத்தண்ணீர் என்றுதான் பெயர். ரோஜா சேர்ப்பதை நான் பிறகு கற்றுக்கொண்டேன்.

காய்ந்த இதழைத் தேயிலையோடு கலந்து வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். மணம் வேண்டுமென்றால் அது பூவிலிருந்து இலைக்குள் ஏற வேண்டும். ஏறியதைக் கோப்பை வரை தப்பவிடாமல் கொண்டுவர வேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் தேயிலை. மளிகைக் கடையில் டஸ்ட் என்றும் சி.டி.சி. என்றும் கிடைக்கும் மணிமணியான டீத்தூள் இதற்கு ஆகாது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி எடுப்பதால் அதன் சாயம் சட்டென்று, கடுப்போடு இறங்கும். பாலுக்கு அது பொருத்தம். ரோஜா அதில் காணாமல் போய்விடும். இலையைக் கிழிக்காமல் முறுக்கிச் செய்யும் தேயிலையை நீலகிரி ஆர்த்தடாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். முறுக்கிய கறுப்புக் குச்சிகளாக, இலை இலையாகத் தெரிய வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பறித்த பனிக்காலத் தேயிலை கிடைத்தால் விடாதீர்கள். உறைபனி விழும் அந்த மாதங்களில் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். விளைச்சல் குறையும், மணம் கூடும். ரோஜாவுக்கு மணம் கொடுக்கும் பொருள்களில் ஜெரானியால் என்று ஒன்று உண்டு. அதே ஜெரானியால் தேயிலையின் மணத்திலும் இயல்பாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த இரண்டும் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது பூ. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பன்னீர் ரோஜாதான் வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வரும் நீளக்காம்பு ரோஜா பூச்சாடிக்கு வளர்த்த பூ. வாசம் குறைவு, மருந்துத் தெளிப்பு அதிகம். மாலைக்கென்று கட்டிவைத்த பூவும் வேண்டாம், அதுவும் மருந்தடித்து வளர்ந்ததாகத்தான் இருக்கும். மருந்து தெளிக்காத செடி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தொட்டியில் ஒரு செடி வையுங்கள். என் வீட்டுப் பின்வாசலில் இரண்டு செடிகள் இருக்கின்றன. வெளிர் சிவப்புப் பூ, நெருக்கமான மெல்லிய இதழ்கள். மதியம் தொட்டால் உதிர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்குள், பனி காய்ந்த கையோடு பறிக்க வேண்டும். வெயில் பட்டுவிட்டால் மணத்தில் பாதி போய்விடும். ஒவ்வொரு இதழின் அடியிலும் வெள்ளையாகச் சிறு நுனி இருக்கும், அது கசக்கும். நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள்.

இனி மணம் ஏற்றுவது. இதற்கு வழிகாட்டி சீனர்கள். மல்லிகைத் தேநீருக்குச் செய்வதுபோலவே புதுப் பூவையும் இலையையும் அடுக்கடுக்காகப் போட்டு ஓர் இரவு வைத்து, பூவைச் சலித்தெடுத்து, இலையை மறுபடி உலர்த்துவார்கள். அப்படிச் செய்யும் அவர்களுடைய ரோஜாத் தேயிலை ரோஸ் காங்கூ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகிறது. காய்ந்த தேயிலை எதிரே இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். முதல் முறை நான் அடுக்கிவைத்தது பழைய பெருங்காய டப்பா. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். மறுநாள் திறந்தபோது ரோஜாவுக்கு முன்னால் பெருங்காயம் வந்து நின்றது. 100 கிராம் நல்ல தேயிலையைச் செடிக்கு உரமாகப் போட்டேன். ஆகவே மசாலா எதுவும் வைத்திராத, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவாகப் பாருங்கள்.

100 கிராம் தேயிலைக்கு 50 அல்லது 60 கிராம் புது இதழ். அடியில் தேயிலை, மேலே இதழ், அதற்கு மேல் தேயிலை என்று மூன்று நான்கு அடுக்கு. மேலே தேயிலைதான் முடிய வேண்டும். மூடி, வெளிச்சம் படாத இடத்தில் பத்து மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் இதழ் புழுங்கி, வாடை மாறிவிடும். மறுநாள் காலை திறந்தால் இதழ்கள் துவண்டு பழுப்பேறி இருக்கும், இலை தொட்டால் லேசாக ஈரப்பதமாக இருக்கும். சலித்து எடுங்கள். பதமான இலையை அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே அன்றைக்கே உலர்த்தியாக வேண்டும். ஓவன் இருந்தால் 80 டிகிரியில் இருபது நிமிடம். இல்லையென்றால் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதன்மேல் எவர்சில்வர் தட்டில் இலையைப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு குச்சியை விரலால் நெரித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்த நாள் புதுப் பூவோடு இன்னொரு முறை. இரண்டு முறை போதும். ஆசைப்பட்டு மூன்றாம் முறையும் செய்து பார்த்தேன், தேயிலையின் குணமே அமுங்கிவிட்டது.

கடைசியில் நிழலில் காயவைத்த இதழ் 5 கிராம் சேர்த்துக் கலந்து ஒரு வாரம் மூடி வையுங்கள். இதழைக் காயவைப்பது சமவெளியில் மூன்று நாள் வேலை. இங்கே மூடுபனிக் காலத்தில் ஒரு வாரம் ஆனாலும் சருகாகாது, நான் அடுப்புக்கு மேல் பரணில் வைப்பேன். ரோஸ் எசென்ஸ், கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் பாட்டில் எதையும் இதில் காட்டாதீர்கள். தெளிப்பதற்கென்று விற்பது குடிப்பதற்கானதல்ல.

போடும் முறைக்கு வருகிறேன். 200 மில்லி தண்ணீருக்குக் குவித்த ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 2.5 கிராம். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வையுங்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதித்ததும் அப்படியே ஊற்றுவேன். சென்னையில் 100 டிகிரி வரை போகும் என்பதால், அடுப்பை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றிய உடனே கோப்பையைச் சிறு தட்டால் மூடுங்கள். சரியாக மூன்று நிமிடம். மூடியை எடுக்கும்போது அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதை மூக்கருகே கொண்டுபோனால் மொத்த ரோஜாவும் அங்கே இருப்பது தெரியும். அந்தத் துளிகளை உதறிவிடாமல் கோப்பைக்குள்ளேயே தட்டிவிட்டு, பிறகு வடிகட்டுங்கள். அதே இலையில் இன்னொரு முறை ஐந்து நிமிடம் ஊறவைக்கலாம். இரண்டாம் கோப்பையில் சாயம் இளைத்திருக்கும், தொண்டையில் இனிப்பு நிற்கும்.

பால் வேண்டாம். இஞ்சியும் ஏலக்காயும் வேறு தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் கலக்காமல், பனங்கற்கண்டு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு குடித்துப் பாருங்கள். அம்மா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணீர் குடிப்பார், தோட்டத்து வழக்கம் அது. பன்னீருக்குப் பேர்போன கஷான் நகரம் இருக்கும் ஈரானிலும் காய்ந்த ரோஜா இதழைத் தேநீரில் சேர்க்கிறார்கள், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அம்மாவின் கன்னம் உப்பி நிற்பதுதான் கண்முன் வந்தது.

தொட்டுக்கொள்ள ஊட்டி வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வர்க்கியின் அடுக்குகளில் உள்ள நெய்ப்பசையை இந்தத் தேநீர் கழுவிக்கொண்டு போகும், அடுத்த கடிக்கு வாய் தயாராகிவிடும். க்ரீம் பிஸ்கட்டின் வாசனை பூவை அடித்துவிடும். சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள்.

சென்னை மே மாதத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் தேயிலையைப் போட்டு மூடி, இரவு எட்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் வடிகட்டிவிடுங்கள். சுடுநீரில் போட்ட தேநீரைக் குளிரவைத்தால் கலங்கிவிடும், இது தெளிவாகவே நிற்கும். துவர்ப்பு ஏறக்குறைய இருக்காது. அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் வரை ரோஜா முழுதாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். மகளுக்கு நேற்று இன்னொரு டப்பா அனுப்பினேன். கோப்பை வாய்க்கு அளவான ஒரு சிறு தட்டும் அதோடு வைத்திருக்கிறேன்.