காரோடு வந்த நேவிகேஷனை வீட்டிலேயே அப்டேட் செய்வது: வேலை காரில் இல்லை, பென் டிரைவில்

போன மார்கழியில் அப்பாவை நத்தத்துக்குக் கூட்டிப் போனேன். தல்லாகுளத்தில் பாலம் ஏறி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஐயர் பங்களாவில் வலப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டது வண்டியின் நேவிகேஷன். "ஏம்ப்பா, பாலத்து மேல எங்கிட்டுத் திரும்பச் சொல்லுது இது?" என்றார் அப்பா.

மதுரை – நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் அந்தப் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. என் ஹூண்டாய் கிரெட்டா காரை வாங்கியது 2021-ல். வாங்கிய நாளிலிருந்து மேப்பை ஒருமுறைகூட நான் புதுப்பிக்கவில்லை. ஆகவே பாலத்துக்குக் கீழே இருக்கும் பழைய சாலையில்தான் நாங்கள் போவதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அப்டேட் செய்தேன். ஒரு மணி நேர வேலை எனக்கு முழு நாளைத் தின்றது. எங்கே மாட்டினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

"போனில் மேப் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: நகரத்துக்குள் நானும் போனைத்தான் பார்க்கிறேன், நெரிசல் எங்கே என்று அதற்குத்தான் தெரியும். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகும்போதும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே மேப்பை இறக்கி வைக்காத போன் அங்கே கைவிட்டுவிடும். காரில் இருக்கும் நேவிகேஷனுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். மேப் முழுவதும் வண்டிக்குள் இருக்கிறது, இடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. காசு கொடுத்து வாங்கிய வசதி அது. மேப் பழையதாகிவிட்டது என்பதற்காக அதை ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

மூன்று வகை உண்டு. இணைய வசதியோடு வரும் புதிய வண்டிகள் சிலவற்றில் அப்டேட் தானாக வந்து இறங்கும். உங்களுடையது அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது, பென் டிரைவ் வழியாகச் செய்வது, என்னுடையது இந்த வகை. மூன்றாவது, ஸ்டீரியோவில், அதாவது நேவிகேஷன் ஓடும் அந்த ஸ்கிரீன் பெட்டியில், ஒரு எஸ்டி கார்டு செருகியிருக்கும், மேப் அதிலேயே இருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

ஸ்கிரீனில் செட்டப், அதற்குள் ஜெனரல், அதற்குள் வெர்ஷன் அல்லது சிஸ்டம் இன்ஃபோ என்று இருக்கும். பெயர் மாடலுக்கு மாடல் சற்று மாறும். அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சேமித்து வைத்த இடங்களின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவை அழியவில்லை, ஆனாலும் குலதெய்வம் கோயிலுக்குப் போகும் மண்பாதையை மறுபடி தேடிக் குறிக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

டவுன்லோடு

ஹூண்டாய், கியா இரண்டுக்கும் நேவிகேஷன் அப்டேட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவனத்தின் அப்டேட் தளத்துக்குப் போய், நாடு இந்தியா என்று தேர்ந்து, அதை லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளுங்கள். மாடலையும் ஆண்டையும் தேர்ந்தால் பென் டிரைவ் எங்கே என்று கேட்டு நேரடியாக அதிலேயே இறக்கிவிடும். ஆகவே இறக்கும் முன் அடுத்த பகுதியில் சொல்வது போலப் பென் டிரைவைத் தயார்செய்துவிடுங்கள். ஆண்டை மட்டும் தவறாகத் தேர்ந்துவிடாதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு ஸ்டீரியோ வேறாக இருக்கலாம். வேறு நிறுவன வண்டி என்றால் அந்த நிறுவனத்தின் தளத்தில் இதே போன்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பல ஜிபி இறங்க வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் முயலாதீர்கள். வீட்டு இணைப்பில் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், லேப்டாப் தூங்கிப்போகாதபடி அமைப்பை மட்டும் மாற்றி வையுங்கள்.

டெலிகிராமில் யாரோ தரும் மேப் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். தவறான மென்பொருள் ஏறி ஸ்டீரியோ எழுந்திருக்காமல் போனால் செலவு உங்கள் தலையில்.

பென் டிரைவ்: நான் மாட்டிய இடம்

என்னிடம் ஏற்கெனவே ஒரு 64 ஜிபி பென் டிரைவ் இருந்தது. ஒருமுறை லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்ற அதைத்தான் பயன்படுத்தியிருந்தேன். வலது கிளிக், ஃபார்மேட், முடிந்தது என்று மேப்பை இறக்கி, காரில் கொண்டுபோய்ச் செருகினேன். கார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "யுஎஸ்பி இல்லை" என்றது. லேப்டாப்பில் போட்டால் எல்லாக் கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. மறுபடி ஃபார்மேட், மறுபடி டவுன்லோடு, மறுபடி அதே. மூன்றாவது முறைதான் புரிந்தது.

ஒரு பென் டிரைவில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்று பார்ட்டிஷன் அமைப்பு, மற்றது ஃபைல் சிஸ்டம், அதாவது அதற்குள் கோப்புகளை எழுதி வைக்கும் முறை. நிலத்தை வைத்துச் சொன்னால், வரப்பு போட்டுப் பிரிப்பது பார்ட்டிஷன், வரப்புக்குள் உழுவது ஃபார்மேட். வலது கிளிக் ஃபார்மேட் உழவை மட்டும்தான் செய்யும், பழைய வரப்பு அப்படியே கிடக்கும். விண்டோஸ் ஏற்றப் பயன்படுத்தியபோது என் டிரைவில் ஜிபிடி என்ற புதுவகை பார்ட்டிஷன் விழுந்திருந்தது. கார் ஸ்டீரியோக்களில் பல, பழைய எம்பிஆர் முறையை மட்டுமே படிக்கும். லேப்டாப் இரண்டையும் படிக்கும் என்பதால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஃபைல் சிஸ்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபேட்32 என்பதை எல்லாக் கருவிகளும் படிக்கும், ஆனால் அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. மேப் கோப்பு அதைத் தாண்டினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் கேட்பார்கள். எது என்பதை உங்கள் மாடலுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டி எக்ஸ்ஃபேட்டை ஏற்றுக்கொண்டது.

இரண்டையும் ஒரே இடத்தில் சரிசெய்ய ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன். விண்டோஸிலேயே டிஸ்க்பார்ட் என்ற, கட்டளை அடித்து இயக்கும் கருவி இருக்கிறதே என்பார்கள். அதில் டிஸ்க் எண்ணை ஒன்று மாற்றி அடித்துவிட்டு கிளீன் என்ற கட்டளையைக் கொடுத்தால் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் காலியாகிவிடும். புதிதாகச் செய்பவர் கையில் கொடுக்கக்கூடிய கருவி இல்லை அது.

ரூஃபஸைத் திறந்து, மேலே உங்கள் பென் டிரைவ்தான் தேர்வாகி இருக்கிறதா என்று கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பூட் செலக்ஷனில் "நான் பூட்டபிள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர். ஃபைல் சிஸ்டத்தில் உங்கள் வண்டி கேட்பது. பிறகு ஸ்டார்ட். டிரைவில் இருப்பது எல்லாம் அழியும் என்று எச்சரிக்கும், படங்கள் ஏதாவது இருந்தால் முன்பே எடுத்து வையுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். இதற்குப் பிறகு மேப்பை இறக்குங்கள். இறக்கி முடித்ததும் வெடுக்கென்று பிடுங்காமல் எஜெக்ட் கொடுத்து எடுங்கள், கடைசியில் எழுத வேண்டியது எழுதாமலே போய்விடக்கூடும்.

நல்ல பெயருள்ள புது டிரைவ் ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பாட்டுக் கேட்கும் டிரைவில் இதைச் செய்யாதீர்கள்.

காரில்

எந்தப் போர்ட்டில் செருகுவது என்பதைக் கவனியுங்கள். பல வண்டிகளில் ஒன்று சார்ஜ் ஏற்ற மட்டும், மற்றொன்றுதான் தகவல் படிக்கும். போனைக் காரின் ஸ்கிரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ எந்தப் போர்ட்டில் வேலை செய்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. இடையில் ஹப், நீட்டிப்பு ஒயர் எதுவும் வேண்டாம்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. ஷட்டர் இறக்கிய கார் ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உயிர் போய்விடும். தெருவோரம், மொட்டை வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, ஏசியைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்யலாமே என்று தோன்றும். நான் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். பாதியில் ஸ்கிரீன் இருண்டது, பேட்டரி தீராமலிருக்க வண்டி தானாகவே எல்லாவற்றையும் அணைத்திருக்கிறது. நல்ல வேளை, மறுபடி இன்ஜினைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லோருக்கும் அப்படித் தொடரும் என்று நம்பி இறங்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் ஓய்வில் சுமார் 12.6 காட்டும். பேட்டரிக்கு நாலைந்து வயதாகி, காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்றால் முதலில் அதைக் கவனியுங்கள், மேப் அப்புறம்.

டிரைவைச் செருகியதும் சில நொடிகளில் அப்டேட் செய்யவா என்று கேட்கும். கேட்காவிட்டால், முன்பு படம் எடுத்தோமே அதே வெர்ஷன் பக்கத்துக்குப் போய் அப்டேட் பட்டனை அழுத்துங்கள். எனக்குச் சுமார் 45 நிமிடம் எடுத்தது. நடுவில் ஸ்டீரியோ இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது. ஸ்கிரீன் கறுத்ததும் பயந்து டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள். முடிந்தது என்ற செய்தி வரும்வரை கை வைக்கவே கூடாது. அப்டேட் நடக்கும்போது பின்பக்க கேமரா வராது, ஆகவே இடையில் வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தாதீர்கள்.

முடிந்ததா என்று பார்ப்பது

வெர்ஷன் எண்ணை முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு புதிதாக வந்த ஒரு இடத்தைத் தேடுங்கள். நான் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் தேடினேன், 2023 டிசம்பர் 30-ல் திறந்தது அது. வந்தது. கோவைக்காரர்கள் அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தைத் தேடிப் பார்க்கலாம். 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள் என்பதால், வரவில்லை என்றால் அப்டேட் தவறிவிட்டது என்று பொருளில்லை. மேப்புக்காகத் தகவல் திரட்டிய தேதி எப்போதும் வெளியிட்ட தேதிக்குச் சில மாதங்கள் முந்தியதாக இருக்கும்.

முதல் சில நிமிடங்கள் வண்டி தப்பான இடத்தில் நிற்பது போலக் காட்டினால் கவலைப்படாதீர்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வானம் தெரியும் இடத்தில் கால் மணி நேரம் நிறுத்துங்கள்.

அடுத்த வாரமே அப்பாவோடு மறுபடி நத்தம் பாலம் ஏறினேன். இந்த முறை நேராகப் போகச் சொன்னது, செட்டிகுளத்தில் இறங்கும்வரை வேறு பேச்சே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகர் மேக் வைத்திருக்கிறார், எக்ஸ்ஃபேட் போட்டும் கார் படிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதே வரப்புப் பிரச்சினைதான். டிஸ்க் யூட்டிலிட்டியில் மேலே வியூ மெனுவில் "ஷோ ஆல் டிவைசஸ்" போட்டு, உள்ளே இருக்கும் பெயரை விட்டுவிட்டு டிரைவையே தேர்ந்து அழியுங்கள். அப்போதுதான் ஸ்கீம் என்ற தேர்வு தெரியும். அதில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்பதை எடுங்கள். அவருக்கு வேலை செய்துவிட்டது.

பிற்சேர்க்கை 2: அப்டேட் ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நிற்கிறது என்று இன்னொருவர். மலிவாக வாங்கிய 128 ஜிபி டிரைவ். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் சோதிக்கச் சொன்னேன். டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் அது. உண்மையில் இருந்தது 128-இல் ஒரு சிறு பங்குதான், மீதி எல்லாம் வெளியே ஒட்டிய எண். நல்ல டிரைவ் மாற்றியதும் முடிந்தது. சந்தேகம் வந்தால் முதலிலேயே சோதித்துவிடுங்கள், எனக்கு முன்பே இது தோன்றியிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: சிக்னலில் நின்றால் தானாக அணையும் இன்ஜின் உள்ளவர்கள், அந்த வசதியை அதற்கான பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஹைப்ரிட் வண்டியில் ரெடி என்ற விளக்கு எரியும் நிலையிலேயே வைத்திருங்கள், இன்ஜின் தானாக ஓடுவதும் நிற்பதும் அதன் இயல்பு.

பிற்சேர்க்கை 4, எஸ்டி கார்டு வண்டிகள்: கார்டை எடுக்கும் முன் வண்டியை அணையுங்கள். லேப்டாப்பில் போட்டதும் முதல் வேலையாக அதில் இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். புதுக் கார்டு வாங்கி அதில் மேப்பைப் போட்டால் பல வண்டிகள் ஏற்காது, கார்டின் உள்ளே இருக்கும் வரிசை எண்ணையே சரிபார்க்கும். ஆகவே வண்டியோடு வந்த கார்டைத் தொலைத்துவிடாதீர்கள். "எழுத முடியவில்லை" என்று லேப்டாப் சொன்னால் கார்டின் இடப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும், அது கீழே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே தள்ளிவிட்டு மறுபடி செருகுங்கள்.